பார்க்காத ஆளுக்குக் கொடுத்த மருந்து

"சார், மனநல சிகிச்சையில் உங்கள் அணுகுமுறை என்ன?" என்று இளம் டாக்டர்களான உங்களில் ஒருவர் கேட்டு எழுதியிருந்தார். முப்பது வருடம் தொழில் பார்த்தவனிடம் இதற்குப் பதில் தயாராக இருக்க வேண்டும். என்னிடம் இல்லை. நான் படித்தது ஒன்று, செய்தது ஒன்று, செய்ததாக நினைத்துக்கொண்டது இன்னொன்று. ஓய்வு பெற்ற பிறகு இந்த மூன்றையும் பிரித்துப் பார்க்க உட்கார்ந்தேன். தலை இன்னும் குழம்பியதுதான் மிச்சம். ஆகவே அணுகுமுறையை ஒதுக்கி வைத்துவிட்டு, அது என்னைக் கைவிட்ட ஒரு சமயத்தைச் சொல்கிறேன். உங்களுக்கு அதில் ஏதாவது பாடம் தட்டுப்பட்டால் எனக்கும் ஒரு வரி எழுதிப் போடுங்கள்.

மதுரையில் டாக்டருக்குப் படித்து, சென்னையில் மனநல மருத்துவம் முடித்தேன். அங்கே எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தது இதுதான்: நோயாளியைத் தனியாக உட்கார வை. அறிவுரை சொல்லாதே. பேசவிடு. அவன் நிறுத்தினால் நீயும் சும்மா இரு, அந்த மௌனத்தில் இருந்து ஏதாவது வரும். எண்பதுகளின் நடுவில், என் மனைவிக்கு ராஜபாளையத்தில் டீச்சர் வேலை கிடைத்ததால் நானும் அங்கே போய் கிளினிக் திறந்தேன். முதல் வாரம் வந்த ஒரு பையனின் தாய்மாமா, நான் ஐந்து நிமிடம் மௌனமாக இருந்ததைப் பார்த்துவிட்டு வெளியே போய் என் கம்பவுண்டரிடம், "டாக்டருக்கு ஒண்ணும் புடிபடல போலிருக்கு, நம்ம மூஞ்சியவே பாத்துக்கிட்டு இருக்காரு" என்று சொல்லியிருக்கிறார்.

கம்பவுண்டர் ஐம்பது வயதுக்காரர், ஊர் நடப்பு தெரிந்தவர். "சார், போர்டுல மனநலம்னு இருக்க வரைக்கும் எறும்புகூட உள்ள வராது. நரம்புன்னு போடுங்க" என்றார். போட்டேன். கூட்டம் வந்தது. அன்றிலிருந்து இரண்டு ஊரிலும் நான் நரம்பு டாக்டர்தான்.

இரண்டு ஊர் என்றேனே, அதைச் சொல்ல வேண்டும். வாரநாள் மாலைகளில் ராஜபாளையத்தில் என் சொந்தக் கிளினிக். சனிக்கிழமை மத்தியானம் ஸ்ரீவில்லிபுத்தூரில், ஒரு டாக்டர் நண்பரின் நர்சிங் ஹோமில் ஓர் அறை. கொஞ்ச நாளில் ஒன்று கவனித்தேன். ராஜபாளையத்துக்காரர்கள் என்னைப் பார்க்க ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வந்தார்கள். ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர்கள் ராஜபாளையத்துக்கு வந்தார்கள். சொந்த ஊரில் என் வாசலில் நிற்பதை யாரும் பார்த்துவிடக் கூடாது, அவ்வளவுதான். வந்தவர்கள் உண்மைப் பெயரையும் சொல்வதில்லை. என் நோட்டை நம்பினால், அந்தக் காலத்தில் இரண்டு ஊரிலும் சங்கரன்களும் லட்சுமிகளும் மட்டுமே குடியிருந்தார்கள்.

இன்னொரு வழக்கமும் இருந்தது. நோயாளி வர மாட்டார். அவருக்குப் பதில் வீட்டார் வருவார்கள். நடந்ததைச் சொல்வார்கள். நாங்கள் சொட்டு மருந்து எழுதிக் கொடுப்போம். அதற்கு நிறமும் இல்லை, ருசியும் இல்லை. குழம்பில் கலந்து கொடுத்தால் சாப்பிடுகிறவருக்குத் தெரியாது. எந்தப் பாடப்புத்தகத்திலும் இது கிடையாது, ஆனால் செய்யாத டாக்டரை நான் பார்த்ததில்லை. இன்றைக்கு இதற்கெல்லாம் சட்டம் வந்துவிட்டது என்கிறீர்கள். வரட்டும், சந்தோஷம். அன்றைக்கு எனக்கு இதில் தப்பு இருப்பதாகவே தோன்றவில்லை.

ஒரு தை மாதச் சனிக்கிழமை, முப்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண் ஸ்ரீவில்லிபுத்தூர் அறைக்கு வந்தார். பாக்கியம் என்று வைத்துக்கொள்ளுங்கள், பெயரை மாற்றியிருக்கிறேன். அதே ஊர்க்காரர்தான், பஸ் ஏறி வெளியூர் போக வழியில்லை என்றார். கணவர் பெயர் சங்கரன் என்றார். நான் சிரிக்காமல் எழுதிக்கொண்டேன்.

"எங்க வீட்டுக்காரரு பலசரக்குக் கடையில நிக்காரு சார். தீவாளி கழிஞ்சதுல இருந்து ஆளு சரியில்ல. வாசல்ல நின்னா யாரப் பாக்கேங்காரு. தண்ணி எடுக்கப் போனா எம்புட்டு நேரம்னு கேக்காரு. ரெண்டு வாட்டி வெளிய பூட்டிட்டு வேலைக்குப் போயிட்டாரு. பிள்ளைக்குக் காய்ச்சல். நானும் அவளும் உள்ளயே கெடந்தோம்."

"அவரை ஒரு தடவை கூட்டிட்டு வாங்களேம்மா."

"கூப்பிட்டா வெட்டிப்போட்டிருவாரு சார்."

சந்தேக நோய் என்று என் மனதில் உடனே எழுதிவிட்டேன். இரவுச் சாப்பாட்டில் ஐந்து சொட்டு. அந்த மருந்து சிலருக்குக் கைகால் இறுக்கத்தைக் கொண்டுவரும். அதைத் தடுக்க ஒரு மாத்திரையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். அந்த மாத்திரை கசக்கும், சாப்பாட்டில் கலந்தால் கண்டுபிடித்துவிடுவார் என்று அதை மட்டும் விட்டுவிட்டேன். ஆளைப் பார்த்திருந்தால் அந்தத் துணிச்சல் வந்திருக்காது.

பாக்கியம் வாரம் தவறாமல் சனிக்கிழமை வந்தார். "இப்ப ஒண்ணும் கேக்கதில்ல சார். வாராரு, சாப்பிடுதாரு, படுத்துக்கிடுதாரு" என்றார். நடுவில் ஒரு நாள் கணவர் முறைத்தார் என்று தானாகவே இரண்டு சொட்டு கூட்டிவிட்டதாகவும் சொன்னார். லேசாகக் கண்டித்தேன். நோட்டில் 'நல்ல முன்னேற்றம்' என்று எழுதினேன். என் கண்ணால் ஒரு தடவைகூடப் பார்க்காத மனிதரைப் பற்றி, என் கையால், பேனாவால் எழுதினேன்.

பங்குனி பிறந்து ஒரு திங்கட்கிழமை மாலை. ராஜபாளையம் கிளினிக்குக்கு ஒருவர் தனியாக வந்தார். மில் ஷிப்ட் முடிந்து நேராக வந்திருக்கிறார், தலைமுடியில் பஞ்சு ஒட்டியிருந்தது. நூற்பாலையில் மெஷினில் வேலை. வீடு ஸ்ரீவில்லிபுத்தூர் என்றார். அந்த ஊர்க்காரர் ராஜபாளையத்துக்கு வருவதில் அதிசயம் என்ன? இவரை வேலுச்சாமி என்று வைத்துக்கொள்வோம்.

"ரெண்டு மாசமா கை வெறைச்சுப் போகுது சார். மெஷின்ல நூலு அறுந்தா சட்டுனு எடுத்து ஒட்டணும்லா, விரலு வர மாட்டேங்கு. எனக்கு முன்னாலயே நூலு கொத்துக் கொத்தா அறுந்து தொங்குது, நான் பாத்துக்கிட்டு நிக்கேன். மேஸ்திரி குடிச்சிருக்கியாலேன்னு கேக்காரு. எட்டு வருசமா ஒரு நா லீவு போட்டதில்ல சார் நான்."

மணிக்கட்டைப் பிடித்து மடக்கிப் பார்த்தேன். விட்டு விட்டு இறுகியது. இந்த இறுக்கத்தை நான் நூறு தடவை பார்த்திருக்கிறேன், மருந்தால் வருவது. "மாத்திரை, மருந்து ஏதாவது சாப்பிடுறீங்களா?" என்றேன்.

"கால்வலிக்குக்கூட ஒண்ணும் போட்டதில்ல. ஆனா காரணம் எனக்குத் தெரியும் சார்." கதவைத் திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலை இறக்கினார். "எம் பொஞ்சாதி சோத்துல என்னமோ கலக்குதா."

அந்த நிமிடம் எனக்கு ஏற்பட்ட உணர்ச்சி சந்தோஷம். வெட்கத்தோடுதான் சொல்கிறேன். பிடி கிடைத்துவிட்டது, இது சந்தேக நோய்தான் என்ற சந்தோஷம்.

"எப்படிச் சொல்றீங்க?"

"ஓவர்டைம்னு பொய் சொல்லி ஒரு வாரம் மில்லு பக்கத்து மெஸ்ஸுல ராச்சாப்பாடு சாப்பிட்டேன். கை லேசாச்சு. பொறவு வீட்டுல சாப்பிட்டேன், திரும்ப வெறைப்பு. இது போதாதா சார்? இன்னொண்ணு. தை மாசத்துல இருந்து சனிக்கிழமை சனிக்கிழமை எங்கயோ போறா. கேட்டா கோயிலுக்குங்கா. ஒருத்தன விட்டுப் பாக்கச் சொன்னேன், கோயில் பக்கமே போகல. யாரையோ பாக்கப் போறா சார்."

இப்போது இதைப் படிக்கிற உங்களுக்கு எல்லாம் பளிச்சென்று தெரியும். எனக்குத் தெரியவில்லை. கிளினிக் வேறு, பெயர் வேறு. அங்கே பலசரக்குக் கடைக்காரர், இங்கே மில் தொழிலாளி. இதெல்லாம் பின்னால் நானே எனக்குச் சொல்லிக்கொண்ட சமாதானம். உண்மை என்னவென்றால், அந்த மனிதர் செய்து பார்த்தது என் படிப்பில் எனக்குக் கற்றுத்தந்த பரிசோதனையைவிடச் சுத்தமான பரிசோதனை. அதை நான் 'சந்தேக நோயாளி எப்போதும் ஆதாரம் கண்டுபிடிப்பான்' என்று நோட்டில் தள்ளிவிட்டேன். கை இறுக்கத்துக்கு ஏதோ நரம்பு வியாதி ஆரம்பம், மனதுக்குச் சந்தேக நோய் என்று ஒரு ஆளுக்கு இரண்டு வியாதி கொடுக்கத் தயாராக இருந்தேன். அவர் சொல்வது உண்மையாக இருக்கலாம் என்று நினைக்க மட்டும் தயாராக இல்லை.

எழுந்தபோது கேட்டார்: "எனக்குப் பைத்தியமா சார்?"

"அப்படியெல்லாம் இல்ல. மனசுல சின்னக் குழப்பம்."

"அப்ப சோத்துல ஒண்ணும் இல்லங்கீகளா?"

"ஒண்ணும் இருக்காது வேலுச்சாமி. உங்க மனசு அப்படி நினைக்க வைக்குது." சென்னையில் பழகிய மென்மையான குரலில் இதைச் சொன்னேன். என் தொழிலில் நான் சொன்ன பொய்களில் இதுதான் பெரியது. சொல்லும்போது பொய் என்று எனக்கே தெரியாது. சந்தேகத்துக்கு மாத்திரை எழுதிக் கொடுத்து, அடுத்த திங்கட்கிழமை வரச் சொன்னேன். அதற்குப் பிறகு டாக்டர் லெட்டர் இல்லாமல் வந்தால் வேலையில் சேர்க்க மாட்டோம் என்று மில்லில் சொல்லிவிட்டதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

சனிக்கிழமை ஸ்ரீவில்லிபுத்தூரில் பாக்கியம் வந்தார். முகத்தில் கலவரம். "சார், அவரு எங்கிட்டச் சொல்லாம ராஜபாளையத்துல யாரோ ஒரு டாக்டரப் பாத்திருக்காரு. மாத்திரை குடுத்திருக்காரு அந்த ஆளு. அதத் தின்னுட்டு நடக்க முடியாம நடக்காரு. சட்டைப் பையில இருந்து சீட்ட எடுத்துட்டு வந்தேன். அந்த டாக்டர் மாத்திரையோட உங்க சொட்டு மருந்தையும் சேத்துக் குடுக்கலாமா?"

மடித்த சீட்டை நீட்டினார். பிரித்தேன். என் பெயர் அச்சடித்த சீட்டு, மேலே வேலுச்சாமியின் பெயர். என் கையெழுத்து. பாக்கியத்துக்கு ஆங்கிலம் படிக்கத் தெரியாது.

தலைக்குள் சனிக்கிழமைகள் எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து விழுந்தன. வேலுச்சாமி வீட்டுச் சோற்றில் மருந்து இருந்தது, நான் கொடுத்தது. அவர் மனைவி யாரையோ பார்க்கப் போனார், என்னைத்தான். அவர் கை இறுகியது என்னால். அதைச் சரிசெய்ய அவர் வந்தது என்னிடம். நான் அதே ஜாதி மருந்தை மேலும் கொடுத்திருக்கிறேன்.

"அம்மா, உங்க வீட்டுக்காரர் கடையிலயா வேலை பாக்காரு?" என்றேன்.

தலையைக் குனிந்துகொண்டார். "மில்லுல சார். மில்லுக்குத் தெரிஞ்சா நிப்பாட்டிருவாகன்னு மாத்திச் சொன்னேன்."

சொட்டு மருந்தையும் மாத்திரையையும் அன்றே நிறுத்தச் சொன்னேன். அந்த டாக்டர் நான்தான் என்றும் சொன்னேன். திங்கட்கிழமை நீங்களும் வாருங்கள், மூன்று பேரும் உட்கார்ந்து உண்மையைப் பேசிவிடுவோம் என்றேன். அவர் நாற்காலியில் இருந்து எழுந்தேவிட்டார்.

"நான் வர மாட்டேன். நீங்களும் சொல்லக் கூடாது. நான்தான் கலந்தேன்னு தெரிஞ்ச அன்னைக்கு என் பொழைப்பு முடிஞ்சது. எம் பிள்ளை மேல சத்தியம் பண்ணுங்க, சொல்ல மாட்டேன்னு."

நான் சத்தியம் பண்ணவில்லை. பண்ண மாட்டேன் என்றும் சொல்லவில்லை. ஏதோ முனகினேன். சொல்ல மாட்டேன் என்று அவர் எடுத்துக்கொண்டு போனார்.

அன்று சாயங்காலம் சென்னையில் இருந்த என் பேராசிரியருக்குப் போன் போட்டேன். யாரிடமும் சளைக்காத மனிதர். முழுவதையும் கேட்டுவிட்டு, "ரெண்டு பேர்ல உன் பேஷண்ட் யாரு?" என்றார். ரெண்டு பேரும் என்றேன். "அவளுக்கு என்ன சொல்லியிருக்கே?" யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள் என்றேன். "அவனுக்கு?" சோற்றில் ஒன்றுமில்லை என்று சொல்லியிருக்கிறேன் என்றேன். பிறகு, "எனக்கும் தெரியலப்பா. நானும் எத்தனையோ பேருக்கு இப்படிக் குடுத்திருக்கேன். ஒருத்தனும் திரும்பி எங்கிட்ட வந்து நின்னதில்ல" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டார். அவர்மேல் எனக்குக் கோபம் வந்தது. ஏன் என்று இன்னும் தெரியவில்லை.

ஞாயிறு முழுவதும் ஒரு முடிவுக்கு வருவதும், சாப்பிட உட்கார்ந்தால் அதை மாற்றுவதுமாகக் கழிந்தது. உண்மையைச் சொன்னால் அந்தப் பெண்ணின் உயிருக்கு யார் பொறுப்பு? சொல்லாவிட்டால், புத்தி தெளிவாக இருக்கிற ஒரு மனிதரை, உனக்குப் புத்தி சரியில்லை என்று நம்பவைத்த பாவம் யாருடையது? போதாததற்கு இன்னொரு முடிச்சு. தீபாவளியில் இருந்தே சந்தேகப்படுகிறார் என்கிறார் மனைவி. தையில் இருந்து, அதாவது அவள் சனிக்கிழமை வெளியே போக ஆரம்பித்த பிறகுதான் சந்தேகம் என்கிறார் கணவர். மனைவி சொல்வது சரியென்றால் அவருக்கு நோய் இருக்கிறது. கணவர் சொல்வது சரியென்றால் நோயை உண்டாக்கியதே நான். இரண்டு நோட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தேன். இரண்டும் என் கையெழுத்து. இரண்டையும் என்னால் நம்ப முடிந்தது.

திங்கட்கிழமை மாலை, நான் உட்காருவதற்குள் மில்லின் லேபர் ஆபீஸர் போன் செய்தார். தெலுங்கு வீட்டுக்காரர், நல்ல மனிதர். "ஏமண்டி டாக்டர் காரு, அந்த வேலுச்சாமிக்கு என்ன? மெஷின்ல கை மாட்டினா நான் பதில் சொல்லணும். மனசு சம்பந்தமா ஏதும் இருந்தா எழுதிருங்க, செட்டில் பண்ணி அனுப்பிருதோம்." ஒரு வரியில் எட்டு வருட வேலை போய்விடும். பார்த்துவிட்டு எழுதுகிறேன் என்றேன்.

வேலுச்சாமி வந்து உட்கார்ந்தார். இரண்டு நாள் மருந்து இல்லாமல் முகம் கொஞ்சம் தெளிந்திருந்தது. "உங்க மாத்திரைய அவ எடுத்து ஒளிச்சுட்டா சார். ஆனா பரவால்ல, இப்பக் கொஞ்சம் லேசா இருக்கு" என்றார். என்னை நம்பி, என் முகத்தைப் பார்த்துச் சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்த பிறகு என்னால் முடியவில்லை. முடிவு எடுத்தேன் என்று சொல்ல மாட்டேன். வாயில் இருந்து வந்துவிட்டது.

"வேலுச்சாமி, போன வாரம் நான் சொன்னது தப்பு. நீங்க சொன்னதுதான் சரி. சோத்துல மருந்து இருந்துச்சு. அத எழுதிக் கொடுத்தது நான். உங்க வீட்டம்மா பயந்துபோய் எங்கிட்ட வந்தாங்க. உங்களப் பாக்காமலே கொடுத்தேன். கலக்கச் சொன்னதும் நான்தான்."

அவர் கோபப்படவில்லை. தன் விரல்களை மடக்கி விரித்துப் பார்த்துக்கொண்டார்.

"அந்த சனிக்கிழமை?"

"எங்கிட்டதான் வந்தாங்க."

"எல்லாச் சனிக்கிழமையுமா?"

"எல்லாச் சனிக்கிழமையும்."

"அப்ப நான் சந்தேகப்பட்ட ஆளு நீங்கதானா சார்?" என்று சிரித்தார். கேட்க நன்றாக இல்லாத சிரிப்பு. சட்டென்று நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "இது நெசம்னா, மத்ததும் நெசமா இருக்கும்லா? வாசல்ல நின்னு பாக்கது, தண்ணி எடுக்கப் போனா லேட்டாகுறது?"

இந்தக் கேள்வியை நான் எதிர்பார்க்கவில்லை. ஒரு சந்தேகம் உண்மை என்று ஒப்புக்கொண்டால் மற்ற எல்லாவற்றுக்கும் நானே சாட்சிக் கையெழுத்துப் போட்டதாகிவிடும் என்று எனக்கு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் தோன்றவே இல்லை. அதெல்லாம் உங்கள் நோய் என்று சொல்லலாம். போன வாரம் அப்படித்தான் சொன்னேன். அவள் உத்தமி என்று சொல்லலாம். எனக்கு எப்படித் தெரியும்?

"அது எனக்குத் தெரியாது வேலுச்சாமி."

"தெரியாதா?"

"தெரியாது. நான் பாத்ததில்ல. பாக்காததப் பத்தி இனிமே சொல்ல மாட்டேன்."

எழுந்தார். "நான் வீட்டுக்குப் போறேன்."

"போய் என்ன செய்வீங்க?"

"எனக்கும் தெரியாது சார்."

வெளியே வந்து கம்பவுண்டரிடம் எல்லோரையும் நாளைக்கு வரச் சொல்லுங்கள் என்றேன். "உள்ளூரு ஆளுகளா சார், எல்லாம் பஸ்ஸேறி வந்தவுக" என்று கத்தினார். காதில் வாங்காமல் வேலுச்சாமியின் பின்னாலேயே போய் ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ஸில் ஏறினேன். நோயாளியின் வீட்டுக்குப் போகக் கூடாது, அறைக்கு வெளியே சிகிச்சை கிடையாது என்று எனக்குக் கற்பித்த எல்லாவற்றையும் அந்தப் படிக்கட்டிலேயே விட்டுவிட்டேன். போய் என்ன செய்யப்போகிறேன் என்று கேட்டிருந்தால் நானும் அவர் பதிலைத்தான் சொல்லியிருப்பேன். பஸ்ஸில் கூட்டம். ஓர் இடம் காலியானதும் வேலுச்சாமி என் தோளைப் பிடித்து அதில் உட்காரவைத்தார். தான் கம்பியைப் பிடித்தபடி நின்றுகொண்டார்.

சந்துக்குள் வரிசை வீடுகள். பாக்கியம் வாசலில் பிள்ளைக்குத் தலை சீவிக்கொண்டிருந்தார். எங்கள் இருவரையும் சேர்த்துப் பார்த்ததும் முகம் வெளிறிவிட்டது. பிள்ளையை இழுத்துக்கொண்டு உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார்.

வேலுச்சாமி கதவருகே போனார். "ஏட்டி, திற."

"மாட்டேன்." உள்ளே பிள்ளை அழுகிற சத்தம்.

பக்கத்து வீட்டுப் பெண் எட்டிப் பார்த்தார். எதிர் வீட்டில் இரண்டு பேர் வெளியே வந்தார்கள். நான் பேண்ட் சட்டையில், கையில் பையோடு நட்ட நடுச் சந்தில் நிற்கிறேன். நரம்பு டாக்டர் என்று ஒருவர் அடையாளம் கண்டுவிட்டால் போதும், அந்த வீட்டின் மானம் சந்தி சிரித்துவிடும். ஓடிவிடலாமா என்றிருந்தது.

"என்ன வேலுச்சாமி, யாரு இவிய?" என்றார் பக்கத்து வீட்டுப் பெண்.

வேலுச்சாமி என்னைத் திரும்பிப் பார்த்தார். என் பெயரையும், அவர் மனைவி செய்ததையும், நான் செய்ததையும் அந்தச் சந்து முழுக்கக் கேட்கும்படி சொல்ல அவருக்கு எல்லா உரிமையும் இருந்தது. கதவுக்கு உள்ளே அழுகைச் சத்தம் நின்றுவிட்டது. பாக்கியமும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருப்பார்.

"எங்க மில்லு ஆபீஸரு மைனி. எனக்குக் கைக்குச் சொகமில்லலா, வீட்டுல வந்து பாத்துட்டுப் போறேன்னாக. இவ புதுசா ஆளப் பாத்ததும் கூச்சப்பட்டு உள்ள போயிட்டா" என்றார்.

கொஞ்ச நேரத்தில் தாழ்ப்பாள் விலகியது.

உள்ளே மூன்று பேரும் நின்றுகொண்டே இருந்தோம். "கலந்தியா?" என்றார் அவர். "கலந்தேன்" என்றார் அவர் மனைவி. "கொண்டா அத." பருப்பு டின்னுக்குப் பின்னால் இருந்து சின்ன பாட்டில் வந்தது. வேலுச்சாமி மூடியைத் திறந்து ஒரு சொட்டை நாக்கில் விட்டுக்கொண்டார். நான் தடுக்கப் போனேன், கையைக் காட்டி நிறுத்தினார்.

"ருசியே இல்லையே" என்றார். அப்போதுதான் அழுதார்.

"நீங்க பூட்டிட்டுப் போனீகளே" என்றார் பாக்கியம். "பிள்ளைக்குக் காய்ச்சல் அன்னைக்கு."

"ஆமா. பூட்டுனேன்."

"எதுக்கு?"

"தெரியலட்டி. பூட்டணும்னு இருந்துச்சு."

நான் ஒரு வார்த்தை பேசவில்லை. இதைச் சிகிச்சை மௌனம் என்று யாரும் பாராட்ட வேண்டாம். எனக்குச் சொல்ல ஒன்றும் இல்லை, அவ்வளவுதான். ஆனால் நான் வாயை மூடிக்கொண்டு நின்ற அந்தக் கொஞ்ச நேரத்தில் அவர்கள் பேசிக்கொண்டது, அதற்கு முன்னால் இரண்டு மாதமாக என்னிடம் தனித்தனியாகச் சொன்ன எல்லாவற்றையும்விட அதிகம்.

மில்லுக்கு, மருந்தின் பக்கவிளைவால் கை இறுக்கம், மூன்று வாரம் மெஷினில் வேண்டாம், பிறகு சரியாகிவிடும் என்று எழுதிக் கொடுத்தேன். பொய் இல்லை. எந்த மருந்து என்று லேபர் ஆபீஸர் கேட்கவில்லை. மூன்று வாரம் குடோனில் நிற்கவைத்துவிட்டு மெஷினுக்கு அனுப்பினார். அதன்பின் ஒரு வருடம் கணவனும் மனைவியும் ஒன்றாகவே ராஜபாளையம் வந்தார்கள், சொந்தப் பெயரில். சந்தேகம் தீபாவளியிலா தையிலா என்று கடைசிவரை இரண்டு பேரும் ஒத்துப்போகவில்லை. நானும் எந்த நோட்டையும் திருத்தவில்லை.

நான் செய்தது சரியா? பாக்கியத்துக்குத் தெரியாமல் அவர் ரகசியத்தைப் போட்டு உடைத்தேன். அந்தக் கதவு திறக்காமல் போயிருந்தால், அல்லது வேலுச்சாமி வேறு மாதிரி மனிதராக இருந்திருந்தால், இதை நான் உங்களுக்கு அனுபவம் என்று எழுதிக்கொண்டிருக்க மாட்டேன். பிழைத்தது அவர் குணத்தால், என் திறமையால் இல்லை. இதில் மட்டும் எனக்குக் குழப்பம் கிடையாது.

தொண்ணூறுகள் தொடங்கிய சமயம், மூன்று வருடம் கழித்து, ஒரு சாயங்காலம் வேலுச்சாமி தனியாக வந்தார். மெலிந்திருந்தார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"சார், பத்து நாளா திரும்ப வருது. அவ வாசல்ல நின்னா யாரப் பாக்கான்னு தோணுது. நேத்து பூட்டக் கையில எடுத்துட்டேன். பொறவு வச்சுட்டேன். உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும், மறைக்காமச் சொல்லணும்."

"கேளுங்க."

"அவ இந்தப் பக்கம் வந்தாளா?"

"இல்ல."

"நீங்க எதுவும் குடுத்து விடலையே?"

"இல்ல வேலுச்சாமி. சத்தியமா இல்ல."

என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பார்க்கட்டும் என்று நானும் கண்ணை எடுக்காமல் இருந்தேன். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, உள்ளங்கையை மேசை மேல் விரித்து நீட்டினார்.

"அப்ப இது நோய்தான் சார். மாத்திரைய எங் கையில குடுங்க."